சாலைச் செய்தி சொன்ன செல்வராசு அண்ணன்

சென்ற வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் செல்வராசு அண்ணன் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அந்த நேரத்துக்கு அவரிடமிருந்து வருவது எப்போதும் சாலைச் செய்திதான். எங்கே புதுப் பள்ளம், எங்கே சேறு, எங்கே லாரி பழுதாகி நிற்கிறது என்று சொல்வார். வெளியே கிளம்பத் தயாராகிக்கொண்டே அதை ஓடவிட்டேன். பேசியது அவருடைய மகள் கவிதா.

"அப்பா வெடியக்காலம் தவறிட்டாங்க. குரூப்புல சொல்லிடச் சொன்னாங்க அம்மா."

பதிவு அவ்வளவுதான். அறுபது வயதுகூட நிறையாத மனிதர். திருமானூர்க்காரர். கீழப்பழுவூரில் ஓர் அரிசி ஆலையில் காவலாளியாக இருந்தார். தினமும் தன் பழைய சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தார்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக அந்தக் குழுவை ஆரம்பித்தவள் நான். என் தம்பி குமரேசன் ஆறு வருடங்களுக்கு முன் சைக்கிளில் போகும்போது, ஒரு முக்கில் இடப்பக்கம் திரும்பிய லாரியில் அடிபட்டு இறந்தான். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்று, தெரிந்த இருபது பேரைச் சேர்த்தேன். யாரோ சொல்லி செல்வராசு அண்ணனும் வந்து சேர்ந்தார். அவருக்குத் தட்டச்சு வராது, எல்லாம் குரல்தான். முதல் பதிவு இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. கீழப்பழுவூர் தாண்டி ரெண்டாவது பாலத்துக்கிட்ட ஜல்லி கொட்டிக் கெடக்கு. காலால ஒதுக்கிப் பாத்தேன், முடியல. அந்தப் பக்கம் வர்றவங்க கொஞ்சம் தள்ளி வாங்க."

சில மாதங்கள் கழித்து, எங்களில் ஒருவரை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. குழுவில் எல்லோரும் கொதித்தார்கள். லாரிக்காரர்களைத் திட்டி நானும் எழுதினேன். அப்போது அவர் குரல் வந்தது: "எல்லாத்துக்கும் டிரைவரயே சொல்லாதீங்க. எடது பக்கம் ஒட்டி வந்தா எங்களுக்குத் தெரியாதுங்க. நானும் இருவது வருசம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுனவன்தான்."

கேட்டு முடித்த மறுநிமிடமே அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தம்பியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையிலிருந்து அவருடைய பதிவுகள் என் எண்ணுக்கு மட்டும் வர ஆரம்பித்தன. நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. தடைசெய்யவும் இல்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய அன்று, பெரம்பலூர்ப் பள்ளி ஆசிரியர் மாரியப்பன் சார் கீழப்பழுவூர்ப் பக்கம் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். லாரிகளிலிருந்து சிந்தும் சுண்ணாம்புத் தூள் மழையில் குழைந்தால் சோப்பு போட்ட தரை மாதிரி ஆகிவிடும். தோள் எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது, "காலையில குரூப்பப் பாத்துட்டுத்தாம்மா கெளம்புனேன். யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

வராந்தாவுக்கு வந்து கைபேசியைத் திறந்தேன். அன்று காலை வந்த பதிவு இருந்தது. "மேடம், கீழப்பழுவூர் வளைவுல சுண்ணாம்புச் சேறு. எனக்கே வழுக்கிருச்சு. இன்னிக்கு யாரும் வரவேணாம்னு சொல்லிடுங்க."

அன்று மாலையே பஸ் ஏறித் திருமானூர் போனேன். வீட்டைக் கண்டுபிடித்துப் போய் நின்றதும் அவர் எழுந்துகொண்டார். அவர் மனைவி தனபாக்கியம் அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"உங்க பதிவ நான் கேக்கவே இல்லைங்க. கேட்டிருந்தா மாரியப்பன் சார் இன்னிக்கு வழுக்கி விழுந்து தோள முறிச்சிருக்க மாட்டாரு. என்னத் திட்டுங்க" என்றேன்.

"சார் இப்ப எப்படி இருக்காரு? அத மொதல்ல சொல்லுங்க."

சொன்னேன். "தம்பியப் பறிகுடுத்தவங்க வேற எப்படி இருப்பீங்க?" என்றார்.

"நான் கேக்கலன்னு தெரிஞ்சும் ஏன் அனுப்புனீங்க?"

"என்னிக்காவது ஒருநா கேப்பீங்கன்னுதான்." பிறகு அவராகவே சொன்னார். "நானும் ஒருத்தர இடிச்சிருக்கேங்க. சைக்கிள்ல வந்தவரு. உசுரு பொழைச்சாரு, கால் போயிருச்சு. அதோட லாரி ஓட்டறதையே விட்டுட்டேன்."

தனபாக்கியம் அக்கா காபி கொண்டுவந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து குடித்தேன்.

அவரை மறுபடி குழுவில் சேர்த்தேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குத் தெரிந்தவரின் லாரி நிறுத்தும் இடத்துக்கு எங்களை வரச் சொன்னார். ஒவ்வொருவராக டிப்பர் லாரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தார். என் முறை வந்தது. அவர் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லாரியின் முன்பக்கம் இடது ஓரமாகப் போய் நின்றார்.

"தங்கச்சி, நான் தெரியறேனா?"

குரல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன், எட்டிப் பார்த்தேன். வெறும் தரைதான் தெரிந்தது.

"தெரியலண்ணே" என்றேன். அவரை அண்ணன் என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இறங்கி வந்து லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தம்பியை இடித்தவரை அன்று மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஓட்டுநரின் கண்ணுக்குத் தம்பி தெரிந்திருக்கவே இல்லை என்று அன்றுதான் நம்பினேன். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளைப் பற்றியும் அவர் சொன்னால் சரியாக இருக்கும். கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் திருச்சிக்கு ஓடிக்கொண்டிருந்தோம். குரும்பலூரில் சக்கரத்தின் கோணலை எடுப்பதில் கைதேர்ந்த ஓர் அம்மா இருக்கிறார் என்று யாரோ எழுதினார்கள். "இருங்க, மொதல்ல என் வண்டியக் குடுத்துப் பாக்கறேன்" என்றார் அண்ணன். இரண்டு பஸ் மாறி, கழற்றிய சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்து, "தைரியமாப் போங்க. போர்டு இருக்காது, பழைய டயர் தொங்கும். ஆனா அவசரப்படுத்துனா அந்தம்மா திட்டும்" என்று பதிவு போட்டார். நாங்கள் எல்லோரும் போனோம். எல்லோரும் திட்டு வாங்கினோம்.

போன ஆண்டு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தஞ்சாவூரில் பார்த்தார்கள். இதயம் பலவீனமாக இருக்கிறது, சைக்கிளைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டார். ஆனாலும் காலையில் டீக்கடை வரை நடந்துபோய், நிற்கிற லாரி ஓட்டுநர்களிடம் சாலையைப் பற்றி விசாரித்து எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கும். "பேசாதீங்கண்ணே, உடம்பப் பாருங்க" என்று எத்தனையோ முறை சொன்னேன். கேட்டால்தானே.

அந்த வியாழக்கிழமை நாங்கள் பதினான்கு பேர் சைக்கிளிலேயே திருமானூர் போனோம். தோள் முறிந்த பிறகு மாரியப்பன் சார் தூரம் ஓட்டுவதில்லை. அவரும் வந்தார், இறங்கி இறங்கித் தள்ளிக்கொண்டு. தனபாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

பிற்பகலில் எடுத்தார்கள். கொள்ளிடக் கரைச் சுடுகாட்டுக்குப் போக மெயின்ரோட்டைக் கடக்க வேண்டும். சிமெண்டு லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முதல் லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். அவருக்கு அண்ணனைத் தெரியுமோ தெரியாதோ. பின்னால் நின்ற லாரிகளும் ஒவ்வொன்றாக இன்ஜினை நிறுத்தின. அவ்வளவு பெரிய சாலையில் பறைச் சத்தம் மட்டும் கேட்டது.

பெண்கள் சாலையோடு நின்றுவிட்டோம். பாடை கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இறங்கி, வளைவில் திரும்பி மறைந்தது. மாரியப்பன் சார் நல்ல கையை உயர்த்தி அந்தப் பக்கம் பார்த்து ஆட்டினார், பஸ் ஏறிப் போகிறவரை வழியனுப்புகிற மாதிரி. நானும் கையை உயர்த்தினேன்.

நல்லபடியாப் போங்கண்ணே.