தண்டவாளத்தடியில் பால்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா இருந்தாள். அவள் மடியில் பிறந்து பதினொரு நாள் ஆன ஆண் குழந்தை. அவள் வீட்டுக்காரர், புந்தோங்கிலிருந்து மோட்டாரில் வந்திருந்த சித்தப்பா, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் நான். எனக்கு ஒன்பது வயது.

பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில், ரயில் தடத்தை ஒட்டி எங்கள் லயன் வீடு. அப்பா தடம் பார்க்கும் கேங்குக்கு மண்டோர். அவருக்குக் கீழே நாலு பேர்.

சின்னம்மா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பால்தான் இல்லை. டின் பால் கொடுத்தால் வயிறு ஊதும், அப்படியே கக்கிவிடும். பதினொரு நாளில் குழந்தை எடை கூடவில்லை, குறைந்தது. அம்மா பூண்டு வேகவைத்துக் கொடுத்தாள், சுறா புட்டு கொடுத்தாள். சின்னம்மா தின்றாள், அழுதாள். பால் வரவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்தார். கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

“வளைவுல பால் கக்குது. நாளைக்கு வெட்டணும்.”

அது கேங்காரர் பேச்சு. தண்டவாளத்துக்குக் கீழே கட்டை, கட்டைக்குக் கீழே கல், கல்லுக்குக் கீழே மண். பழைய தடத்தில் மழைத் தண்ணீர் வெளியே போக வழி இருக்காது. மண் ஊறிவிடும். வண்டி ஏறும்போது கட்டை அமுங்கும், போனதும் எழும்பும். அமுங்கி எழும்பி மண்ணைக் குழம்பாக்கிக் கல் இடுக்கு வழியாக மேலே கொண்டுவரும். கல் கீழே போய்விடும். அந்தப் பக்கம் முன்பு ஈயம் தோண்டிய பழைய ஈயலம்பம், களிமண் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதனால்தான் பால் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் தடம் தொங்கும், வண்டி சாயும்.

சித்தப்பா சிரித்தார். “என்னாண்ணே, ரயிலு கன்னு போட்டுருச்சா?”

“பச்சப்புள்ள பாலுக்கு அழுவுற வீட்டுல பேசற பேச்சப் பாரு,” என்றாள் அம்மா.

சின்னம்மா மெதுவாகக் கேட்டாள். “மாமா, எந்த எடத்துல?”

“பாலம் தாண்டி.” அப்பா யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

பிள்ளை பெற்றவள் முப்பது நாள் கோயிலுக்குப் போகக்கூடாது. தண்டவாளத்துக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை அம்மா துணி துவைக்கும் நேரம் பார்த்து, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, சின்னம்மா என் கையைப் பிடித்தாள். “வாடி, எடத்தக் காட்டு.”

காட்டினேன். தள்ளி நின்றோம். கூட்ஸ் வண்டி ஒன்று போனது. நாலைந்து கட்டை மூச்சு விடுவதுபோல அமுங்கி எழும்பின. கல் இடுக்கில் வெள்ளையாகப் பொங்கியது. வண்டி போனதும் சின்னம்மா குனிந்து, அதைத் தொட்டு மாரில் பூசிக்கொண்டாள். கொண்டுவந்த செம்பருத்தியைக் கட்டை மேல் வைத்தாள்.

“மண்ணுக்கே சுரக்குது. எனக்குச் சுரக்காதா?”

திரும்பும்போது அப்பாவும் நாலு பேரும் சங்கோல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார்கள். அப்பா பூவைப் பார்த்தார். சின்னம்மாவின் ரவிக்கையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“மாமா, மூடிடாதீங்க,” என்றாள் அவள்.

ஒருவர் சங்கோலை இறக்கினார். “வெட்டலாமாண்ணே?”

அப்பா கட்டை மேலிருந்த பூவை இன்னொரு தரம் பார்த்தார். அப்புறம், “புதுக் கல்லு இன்னும் வரலலா. வரட்டும்,” என்றார்.

கல் குவியல் அவர் பக்கத்திலேயே கிடந்தது, இடுப்பளவு உயரம். கேட்டவர் குவியலைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். “ஆமாண்ணே, வரல,” என்று சொல்லி அதன் மேலேயே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்து, கொடியோடு வளைவில் நின்றார். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, நடக்கிற வேகத்தில் விட்டார். போனதும் கட்டையைத் தூக்கிக் கல்லை அடியில் குத்தினார்கள். அடுத்த வண்டி வரும். மறுபடி பால் வரும். மறுபடி குத்துவார்கள். இருட்டினதும் கொடிக்குப் பதில் விளக்கு. சோறு நான் கொண்டுபோனேன். சின்னம்மா தினம் ஒரு பூ வைத்தாள். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. பூண்டை மட்டும் கூட்டிப் போட்டாள்.

மூன்று நாள் கழித்து விடியற்காலை சின்னம்மா அம்மாவைக் கூப்பிட்டாள். சத்தமாகத்தான் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தை மூச்சு முட்டக் குடித்துக்கொண்டிருந்தான். பூண்டா, புட்டா, மண்ணா, யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சித்தப்பா மட்டும் தண்டவாளம் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அன்று காலையே அப்பா வளைவை வெட்டினார். முழங்கால் ஆழம் களியை அள்ளிக் கொட்டினார்கள். மணல் போட்டு, மேலே கல் போட்டு, ஓரத்தில் தண்ணீர் வடிய கால்வாய் இழுத்தார்கள். கல் அந்தக் குவியல் கல்தான்.

இப்போது அங்கே இரண்டு தடம், மின்சார வண்டி. அந்தப் பிள்ளை ஈப்போவில் லோரி ஓட்டுகிறான். நல்ல கனமான ஆள்.

கெட்டுப்போன இடத்தை ஒரு மணி நேரம்கூடச் சும்மா விடாத மனுஷன், கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் அத்தனை வண்டியை மறித்து நின்றார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எண்ண மட்டும் தெரிந்தது. பகலில் பார்த்து எண்ணினேன், இரவில் படுத்தபடி சத்தம் கேட்டு எண்ணினேன்.

நாற்பத்து மூன்று.