கட்டிலருகே ஆறு வாத்துக்குஞ்சுகள்

வாத்துக்குஞ்சு மாதக்கணக்கில் குஞ்சாகவே இருக்கும் என்று நம்பிய முட்டாள் நான். மனைவி இறந்த பிறகு உப்புவெளி வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. கிண்ணியாவிலிருந்து வரும் வாத்து வியாபாரி நானாவிடம் ஆறு குஞ்சுகள் வாங்கி, டிவி வந்த அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலருகே வைத்தேன். இரவில் நான் இருமினால் ஆறும் பதில் சொல்லும். மூன்றே வாரத்தில் பெட்டி நிறைந்துவிட்டது. தெரிந்தும் வெளியே விட மனம் வரவில்லை. ஒரு காலை, ஈர அட்டையில் நெரிபட்ட ஒரு குஞ்சால் எழும்ப முடியவில்லை. பதறிப்போய் நானாவை அழைத்தேன்.

அவர் அதன் காலைத் தடவிப் பார்த்தார். "முறியல்ல. இதுகளுக்கு இடமும் காஞ்ச உமியும் வேணும். இண்டைக்கே வெளிய முத்தத்தில கூடு அடிங்க."

"அப்ப ராவையில எனக்கு ஆர் நானா துணை?" பகிடியாகத்தான் கேட்டேன், குரல்தான் உடைந்துவிட்டது.

அவர் என்னைப் பாராமலே சொன்னார்:

"கூட்ட உங்கட யன்னலுக்குக் கீழ வைங்க."