சுருளியில் சொல்லாத பெயர்

இந்த ஊரில் யாராவது கதவைத் தட்டினால், வீட்டிலிருக்கும் நாங்கள் எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிடுவோம். ஒருவன் கையில் பிசைந்த மாவு, இன்னொருவன் முகத்தில் பாதிச் சவரம். எங்கள் ஊர் சின்னமனூரில் தட்டுவதற்கு முன்பே ஆள் அடுப்படிவரை வந்திருப்பான். இங்கே தட்டுவது இமிகிரேஷன்காரனாக இருக்கலாம். கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்கு வந்து, துறைமுகத்தில் இறங்கித் திரும்பி ஏறாதவன் நான். கலிபோர்னியாவில் ஒரு விவசாய ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதப் பயமாக இருக்கிறது.

நான் பிழைக்க மட்டும் வரவில்லை, தாத்தாவைத் தேடியும் வந்தேன். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது கொழும்புக்கு என்று கிளம்பியவர். பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்ததாம். அவர் பெண்டாட்டி, எங்கள் அப்பாயி, தாலியோடும் குங்குமத்தோடும் செத்துப்போனாள். ஆடி அமாவாசைக்குச் சுருளித் தீர்த்தத்தில் முங்கியெழுந்து அவளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும் அப்பா, தன் அப்பனின் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிடுவார். செத்தவருக்கு இறைக்காவிட்டால் அவர் தாகத்தோடு அலைவார். உயிரோடிருப்பவருக்கு இறைத்தால் அந்தத் தண்ணீரே ஆளைக் கொண்டுபோய்விடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. தேனியில் என்னை ரயிலேற்றும்போதே அப்பாவுக்கு நெஞ்சுவலி இருந்தது. "நான் போறதுக்குள்ள அவுக இருக்காகளா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சு எழுதுய்யா" என்றார்.

அரசாங்க ஆபீசில் விசாரித்தால் முதலில் மாட்டுவது நான்தான். அதனால் அக்கம்பக்கத்து ஜனங்களிடம் கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்தவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இங்கே அவன் பெயர் 'இந்து'. வயதான, கறுத்த இந்து ஒருவரைத் தெரியுமா என்றதும், ரொட்டி போட்ட பஞ்சாபி விவசாயிகள் பேச்சை மாற்றினார்கள். மெக்சிகோக்காரர்கள் தெருவில் ஓர் அம்மாள் "நோ, நோ" என்று கதவைச் சாத்தினாள். என்னை ஆள்காட்டி என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களைக் கண்டு நான் நடுங்க, என்னைக் கண்டு அவர்கள் நடுங்க, ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு தக்காளித் தோட்டத்தில் கிழவர் ஒருவர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். இங்கே வாய்க்காலைப் பலகை வைத்து அடைப்பார்கள். அவரோ புல்லும் மண்ணுமாக ஒரு கொத்து அள்ளி மடையில் வைத்து, குதிகாலால் மூன்று மிதி மிதித்தார். பெரியாற்றுத் தண்ணீர் கட்டியவர்கள் மிதிக்கிற மிதி அது. ரோட்டிலிருந்து வரப்பில் இறங்கினேன். "சின்னமனூருங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டில் கார் நிற்கிறதா என்றுதான் பார்த்தார். "யாருலே நீ? கூட யாரு வந்திருக்கா?" குரல் அப்படியே அப்பாவுடையது.

"நான் மட்டுந்தான் தாத்தா. உங்க மகனோட மகன்."

அவர் வீட்டில் எனக்குக் காப்பி கொடுத்தவள், அன்று கதவைச் சாத்திய அதே அம்மாள்தான். தாத்தாவின் மனைவி. கொடுத்துவிட்டு வாசற்படியை மறித்து நின்றாள். அவரைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்ற பயம். அப்பாயி தாலியோடு செத்ததைச் சொன்னதும் தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"நான் செத்துட்டேன்னு எழுது. உங்கப்பன் தண்ணி இறைக்கட்டும்."

"உயிரோட இருக்கவுகளுக்கா? நான் மாட்டேன்."

"இருக்கேன்னு எழுதினா வான்னு கூப்பிடுவான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்கன வர?"

கடைசியில் அவர் சொன்னபடியே, செத்துவிட்டார் என்று எழுதினேன். தபாலில் போட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி அமாவாசையன்று வேலைக்குப் போகாமல் அவர் தோட்டத்து வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு முறை இருமும்போதும் எழுந்து நின்று பார்த்தேன். அவர் பாட்டுக்குக் களை பறித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் பதில் வந்தது. அதன்பின் தையில் அப்பா போய்ச் சேர்ந்தார். இனி அவர் காதுக்கு எட்டாது என்பதால்தான் இதையெல்லாம் எழுதத் துணிந்தேன். அந்தக் கடிதத்தைத் தாத்தாவிடம் வாசித்த நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுருளியில் அப்பன் பெயரைச் சத்தமாகச் சொல்லி இறைத்தாராம். படையல் வைத்ததும் காக்காய் வந்து எடுத்ததாம். 'இனி எனக்குச் சாகப் பயமில்லை' என்று முடித்திருந்தார்.

தாத்தா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "காக்கா உடனே எடுத்துச்சாமா?"

"உடனே எடுத்துச்சாம்."

தொப்பியின் ஓரத்து மண்ணைத் தட்டினார். "என்ன காய் வச்சானாம்?"

கடிதத்தில் தேடினேன். "அவரைக்காப் பொரியல்."

"எனக்கு அது பிடிக்கும்னு அவனுக்கு யாரு சொன்னா?"

"அப்பாயிதான் சொல்லியிருப்பாக."

உள்ளேயிருந்து அந்த அம்மாள் ஸ்பானிய மொழியில் சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். தாத்தா எழுந்திருக்கவில்லை.

"எனக்குப் பசியில்லைன்னு அவகிட்டச் சொல்லிரு" என்றார்.