சுண்ணாம்புப் புண்ணும் என் வாய்மொழித் தேர்வும்

பள்ளி இறுதி வகுப்போடு தமிழை விட்டவள் நான். எழுத வந்ததை எழுதத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

நாடு விடுதலை பெற்ற புதிதில் வேலூரில் ஒரு மருத்துவமனையில் உதவி நர்ஸாகச் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, பெட்பேன் எடுப்பது எங்கள் வேலை. டாக்டர் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்போம். எங்களை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பேசக் கூச்சப்படும் எனக்கு அது வசதியாகவே இருந்தது.

சில வருடம் கழித்து வார்டு சிஸ்டர் என்னை முழு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். "இவ தேறுவா, நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் இடம் வாங்கினார். என்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து படித்தேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். செய்முறையும் வாய்மொழியும் சேர்ந்த தேர்வில்தான் போயிற்று. கை ஒழுங்காக வேலை செய்தது. டாக்டர் கேள்வி கேட்டதும் பழைய பழக்கத்தில் பின்வாங்கிச் சுவரோரம் போய் நின்றுவிட்டேன்.

இன்னும் ஒரு தடவைதான் வாய்ப்பு. அதுவும் தவறினால் மறுபடி பெட்பேன்தான். சிஸ்டரின் வாக்கும் போய்விடும்.

இரண்டாம் தடவை தேர்வன்று எனக்குக் கொடுத்த நோயாளி ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிற ஒரு அம்மா. மயிர் கழலத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று காலெல்லாம் புண். தினமும் நான்தான் கட்டு மாற்றுவேன். எங்களுக்குள் பேச்சு ஓயாது.

கட்டைப் பிரித்தேன். "புண்ணை எப்படித் துடைக்கணும்?" என்றார் தேர்வு நடத்த மதராஸிலிருந்து வந்த டாக்டர். என் கால் பின்னால் நகர்ந்தது.

"என்னாண்ட மட்டும் வாய் கிழியப் பேசுவே, இப்ப இன்னா ஆச்சு?" என்றார் அந்த அம்மா. "எனக்குச் சொல்லு பாப்பா."

"உள்ளேர்ந்து வெளியே துடைக்கிறேன் அக்கா. வெளி அழுக்கு புண்ணுல போகக்கூடாது."

"ஒரு தரம் துடைச்சிட்டுப் பஞ்சை வீசிட்ற. அவ்ளோ பணக்காரியா நீ?"

"தொட்டதையே திரும்ப வெச்சா சீழ் பிடிக்கும்க்கா."

டாக்டர் சிரித்துவிட்டார். "நான் கேட்டா வராத பதில் உங்களுக்கு வருதே! இந்தப் புண்ணு ஏன் ஆறலன்னு நீங்களே கேளுங்கம்மா."

"கேக்குறாரு பாரு. ஏன் ஆறல?"

"சுண்ணாம்பு தோலை அரிக்குது. ஈரத்துலயே நிக்கிறீங்க. வீட்டுக்குப் போனாலும் கொஞ்ச நாள் தொட்டியில இறங்கக்கூடாது."

"அப்ப கஞ்சி நீ ஊத்துவியா?"

நான் புதுக் கட்டைச் சுற்றி முடித்தேன். டாக்டர் தாளில் எழுதிக்கொண்டார்.

பிற்பாடு முடிவு வந்தது. தேறியிருந்தேன். சிஸ்டர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். இன்றுவரை நான் உண்பது சிஸ்டரும் அந்த அம்மாவும் போட்ட சோறு என்றே நினைக்கிறேன்.

தேர்வுக்கு மறுநாள் காலை அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்பூர் பஸ்ஸில் போனார். நான் அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டேன்.