கைதட்டல் வாங்கிய பழி

வணிக நிர்வாகப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் நான் தேறியிருந்தேன். விண்ணப்பத்தோடு இணைக்க, சுரங்கத் தொழிலாளியான என் தந்தையின் வேலைச் சான்றிதழ் மட்டுமே பாக்கி. சுரங்கத்தில் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா மூன்று நாள் என்னைத் திருப்பி அனுப்பினார். “இன்னா மேனேஜர் தொரை, நாளைக்கு வா” என்று சிரித்தார். பேச்சுப் போட்டிகளில் தோற்றறியாத நான், பழிதீர்க்க ஒரு சொற்பொழிவையே மனப்பாடம் செய்தேன்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளன்று, ஷிப்டு மாறும் வேளை பார்த்துப் போனேன். சுரங்கத்தில் இறங்குமுன் டோக்கன் வாங்கத் தொழிலாளர் வரிசை நீண்டிருந்தது. குமாஸ்தா வாய் திறக்குமுன் முழங்கினேன்: “பூமிக்கடியில் பொன்னெடுப்பவன் மகன் மேலே வரக்கூடாது என்று இந்த மேசை தீர்ப்பெழுதுகிறதா?” வரிசை கைதட்டியது. அவர் முகம் கறுத்ததை நான் ருசித்தேன்.

ஆரவாரம் ஓய்ந்ததும் அவர் சான்றிதழை எடுத்து நீட்டினார்.

“சூப்பரிண்டெண்டு மூணு நாளா ஆபீஸ் பக்கமே வரல, சொரங்கத்துல கீழ லெவல்லயே சுத்தினிருந்தாரு. இன்னிக்குக் காலைல ஆளுங்கள ஏத்தி எறக்குற கேஜாண்ட காத்துனு இருந்து கையெழுத்து வாங்கினேன். சொல்ல வுட்டியா நீ?”

வரிசையிலிருந்து ஒருவர், “இன்னாப்பா, இப்ப பேசு!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: அந்த மனிதர் தவறு செய்யாமல் போய்விட்டாரே என்ற கோபம் எனக்குள் இன்றும் ஆறவில்லை.