அத்தையின் கண்ணாடிக் கம்பி

மதுரையில் ஒரு கடையில் நான் பார்த்த மூக்குக்கண்ணாடி ஒன்றின் உள்பக்கம் மெல்லிய கம்பி வளைந்திருந்தது. தொங்கும் இமையைத் தூக்கிப் பிடிக்கத்தான் அது, வேண்டியபடி ஏற்றி இறக்கலாம் என்றார் கடைக்காரர்.

சிவகாசியில் என் சிறுவயதில், தீப்பெட்டி ஒட்டும் அத்தை அப்படியொன்று போட்டிருந்தாள். அதில் எப்போதும் பசை வாசம் அடிக்கும். அப்பாதான் தன் தங்கைக்கு அதை வாங்கித் தந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று அவரே அதைக் கழற்றி ஒளித்தார்.

“குனிஞ்சே இரு. வெக்கம்னு நெனச்சுக்கிடுவாக.”

“மாப்பிள்ளை எப்படிண்ணே இருக்காக?”

“இளவட்டம்தான் தாயி.”

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணாடி அவள் கைக்கு வந்தது. போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே நரைத்த மீசையோடு, அப்பாவைவிட மூத்தவர் ஒருவர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணு இப்படின்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே?”

அத்தை அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தாள். “எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லலைங்க.”

இருவரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அத்தை கணவரோடு எம். புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினாள். எங்கள் வீட்டுக்கு அதன்பின் வரவேயில்லை. பல வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, அப்பா சொன்ன ஒரு வார்த்தையையும் நான் நம்பவில்லை.