புளியில் ஊறிய வைரம்

ஜமுனாமரத்தூரில் உத்தியோகம் பார்க்கும் கீழ்நாட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பஸ் ஏறிவிடுவார்கள். போளூர், வேலூர் என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை காலையில் வளைவுகளில் குடல் புரள மலையேறி வருவார்கள். நடுவில் அந்த வீடுகளெல்லாம் செல்லியின் பொறுப்பு. தொட்டியில் தண்ணீர் நிரப்புவாள், கோழிக்குத் தீனி போடுவாள், பூட்டிய வீட்டில் பல்லி விழுந்து செத்திருந்தால்கூடக் கூட்டிப் பெருக்கி வைப்பாள்.

செல்லி மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். புருஷன் பஞ்சாட்சரம் சாமை விதைப்பான். விளைந்தால் நாலு வார்த்தை பேசுவான், விளையாவிட்டால் அதுவும் கிடையாது. எப்படியானாலும் வீட்டு அடுப்பு எரிந்தது செல்லியின் கைசுத்தத்தால்தான். "செல்லிகிட்ட வுட்டுட்டுப் போங்க, ஒரு குண்டூசி அசையாது" என்று புதிதாக வந்தவர்களுக்குப் பழையவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பேர் கெட்டால் மறுநாளிலிருந்து ஒரு கதவும் தனக்குத் திறக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கீழே கிடக்கும் ஐந்து ரூபாய்க் காசைக்கூட எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, வைத்திருக்கிறேன் என்று போனிலும் சொல்லிவிடுவாள். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவள் பிழைப்பு அது.

அந்த வீடுகளில் அவளுக்கு நெருக்கமானது புவனா டீச்சரின் வீடு. டீச்சருக்குச் சொந்த ஊர் போளூர். அவரிடம் அம்மா கொடுத்த ஒற்றைக்கல் வைர மோதிரம் ஒன்று இருந்தது. அதை விற்று மலையிலேயே ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. போளூரில் எந்த நகைக்கடைப் படி ஏறினாலும் விஷயம் அன்று மாலைக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். அதனால் வைரம் ஒன்று வாங்கத் தேடிக்கொண்டிருந்த ஆலங்காயம் உரக்கடைக்காரர் புருஷோத்தமனோடு போனிலேயே பேசி, மோதிரத்தின் போட்டோவையும் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தனக்குத் தெரிந்த ஆசாரி ராஜாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு வந்து, மதிப்புப் பார்த்து, விலை பேசுவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை டீச்சருக்குத் திருவண்ணாமலையில் பயிற்சி வகுப்பு. கிளம்பும்போது மோதிரத்தைச் செல்லியின் உள்ளங்கையில் வைத்தார்.

"செல்லிக்கா, சோப்புத் தண்ணியில லேசா கழுவி, ஒரு துணியில சுத்தி வையுங்க. நாளைக்குக் காலையில மொத பஸ்ல வந்துர்றேன்."

தலையாட்டி வாங்கிக்கொண்டாள் செல்லி. ஆனால் சோப்பு என்பது அவளைப் பொறுத்தவரை துணிக்கும் உடம்புக்கும் உண்டானது. பித்தளைக் குடமோ, குத்துவிளக்கோ, வெள்ளிக் கொலுசோ, எது பளபளக்க வேண்டுமானாலும் அந்த மலையில் புளிதான். அப்போது புளி உலுக்கும் காலம், வீடு முழுக்கப் புதுப்புளி. டீச்சரின் மோதிரத்துக்கு நல்லதாகச் செய்யாமல் விடலாமா? கொட்டாங்குச்சியில் புளியைக் கெட்டியாகக் கரைத்து, மோதிரத்தை அதில் போட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்தாள்.

காலையில் எடுத்துத் தேய்த்தபோது தங்கம் புத்தம் புதிதாக இருந்தது. கல்தான் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்று துணியில் சுற்றி வைத்துவிட்டாள்.

டீச்சர் வந்து இறங்கிக் காபி குடித்து முடிப்பதற்குள் கார் வந்து நின்றது. புருஷோத்தமன் நல்ல வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். ஆசாரி ஒரு பழைய ரெக்ஸின் பையோடு வந்தார். செல்லி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள். டீச்சர் துணியைப் பிரித்தார்.

கல் கறுத்துக் கிடந்தது. புகை பிடித்த லாந்தர்க் கண்ணாடி மாதிரி ஒரு கறுப்பு. ஒளி என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை.

புருஷோத்தமன் தன் போனை எடுத்துப் போட்டோவைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். "இன்னா டீச்சர், நீங்க அனுப்பின கல்லு இதுங்களா?" என்றார்.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. திரும்பினார். "செல்லி, நேத்து வூட்டுக்கு யார் வந்தது?"

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அக்கா இல்லாமல் அவள் பேர் வந்ததில்லை.

"யாரும் வரலியே டீச்சர்."

"அப்போ கல்லு எங்க? உன் முந்தானைய அவுத்துக் காட்டு."

செல்லி முடிச்சை அவிழ்த்தாள். பாதி வெற்றிலை, இரண்டு பாக்கு, கசங்கிய பத்து ரூபாய் நோட்டு. அவ்வளவுதான். முன்பின் தெரியாத இரண்டு ஆம்பளைகள் அதைக் குனிந்து பார்த்தார்கள். செல்லிக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் கொதித்தது. அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

ராஜாக்கண்ணு அதற்குள் மோதிரத்தை வாங்கி ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிப் பார்த்திருந்தார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"இன்னாமா போட்டுக் கழுவின?"

"புளிங்க."

ஆசாரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரசம் வாசனை வருதே, அதான் கேட்டேன்" என்றவர், பேனா மாதிரி இருந்த ஒரு கருவியை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார். அது கீச்சென்று கத்தியது. "வைரம்தான் டீச்சர். பயப்படாதீங்க. இது அந்தக் காலத்து வேலை, கல்லுக்கு அடியில மூடின கட்டு. கல்லு பளிச்சினு தெரியணும்னு உள்ள வெள்ளித் தகடு வச்சிருப்பாங்க. புளித்தண்ணி உள்ள எறங்கித் தகடு கறுத்துப் போச்சு. கல்லுக்கு ஒண்ணும் ஆவல. எப்படியும் எடை பாக்கணும்னா கட்டைப் பிரிச்சுத்தான் ஆவணும். பிரிக்கட்டுங்களா?"

டீச்சர் தலையசைத்தார். ஆசாரி சின்ன உளியால் விளிம்பை மெல்ல நிமிர்த்திக் கல்லை வெளியே எடுத்தார். ஸ்பிரிட்டில் துடைத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்ததும் கல் ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிச் சுவரெல்லாம் சிதறடித்தது. தகடில்லாமலே இப்படி ஜொலிக்கும் கல்லுக்கு எவன் தகடு வைத்தான் என்று அவரே அதிசயப்பட்டார். ஓரத்தில் குறையாக ஒரு பொட்டு இருப்பதையும், பழைய காலத்துப் பட்டை தீட்டல் என்பதால் இப்போது விலை கொஞ்சம் குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நல்ல மனுஷன்.

விலை பேசிப் படிந்தது. டீச்சர் நினைத்ததைவிடக் குறைவு, பயந்ததைவிட அதிகம்.

"செல்லிக்கா, பதட்டத்துல ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க" என்றார் டீச்சர், அவள் டம்ளர்களை எடுக்க வந்தபோது.

"பரவால்ல டீச்சர்" என்றாள் செல்லி. தப்பு தன்னுடையதுதானே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தாள். சோப்பு என்று சொன்னதற்குப் புளியைக் கரைத்தது அவள்தான். அவிழ்த்த முந்தானையை அதோடு மறந்தும் இருப்பாள்.

அப்போதுதான் புருஷோத்தமன் பேச்சை ஒரு இழுவை இழுத்தார். "ஒண்ணு டீச்சர். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காதுன்னு சொல்லுவாங்க. எங்க வூட்ல அதெல்லாம் பாப்பாங்க. மூணு ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சிப் பாக்கறோம். கெட்ட கனா எதுவும் வரலன்னா புதன்கிழமை பணத்தோட வர்றேன். ஒத்துக்கலன்னா கல்லத் திருப்பிக் கொண்டாந்து கொடுத்துர்றேன்."

வைரம் வாங்குகிற வீடுகளில் இது வழக்கம்தான். டீச்சருக்கும் தெரிந்ததுதான்.

"அதுக்கென்னங்க, தாராளமா எடுத்துட்டுப் போங்க."

"முன்பணம் ஏதாச்சும் வச்சிட்டுப் போவட்டா?"

"ஐயய்யோ, வேணாங்க. உங்கள நம்பாமலா?"

புருஷோத்தமன் கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று காலை வரை டீச்சர் அந்த முகத்தை நேரில் பார்த்ததே இல்லை. கார் காவலூர் ரோட்டில் திரும்பும்வரை டீச்சர் வாசலில் நின்று கையாட்டினார். செல்லி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நல்லபடியா முடிஞ்சிரும் போலிருக்கு செல்லிக்கா" என்றார் டீச்சர் சந்தோஷமாக. "அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன். ரெண்டு நாள் வூட்டைப் பாத்துக்குங்க."

"வேணாம் டீச்சர்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேலைக்கு வர்றேன், எப்பவும் போல வர்றேன்" என்றாள் செல்லி. குரலில் கோபம் இல்லை. "ஆனா நீங்க வூட்ல இருக்கறப்ப மட்டும் வர்றேன்."